விசிறியின் சரித்திரம்

சரித்திரம் என்றால் ராஜாக்களுக்கு மட்டும்தானா? மோட்டார் விசிறிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது எனக்கு அரியலூர்ச் சாலையில் தெரியவந்தது.

பெரம்பலூர் வரை நெடுஞ்சாலையில் ஜம்மென்று ஓடிவந்த என் பழைய டீசல் வண்டி, அரியலூருக்குத் திரும்பிச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்ததும் கொதித்துவிட்டது. எஞ்சினுக்கே ஆயுள் முடிந்ததென்று எண்ணி, வந்த விலைக்குத் தள்ளிவிடத் துணிந்தேன்.

மெக்கானிக் சிரித்தார். "வேகமாப் போனா காத்து தானா வரும் சார். மெதுவாப் போனா விசிறிதான் கொண்டாந்து தரணும்."

எஞ்சின் ஆறிய பிறகு விசிறியைக் கையால் சுண்டினார். திருவிழாக் காற்றாடி போல் அது நிற்காமல் சுற்றியது. நடுவில் எண்ணெய்க் கசிவு. விசிறி கிளச் போய்விட்டது!

அந்த நாள் அம்பாஸடரில் இந்தச் சங்கடம் இல்லை. எஞ்சின் சுற்றினால் விசிறியும் சுற்றும், மார்கழிக் குளிரிலும் ஓயாது. சக்தி வீண்; இரைச்சல் லாபம். 1943-இல் அமெரிக்காவில் டௌ கார்னிங் நிறுவனம் ஏற்பட்டு, சிலிக்கோன் எண்ணெய் கடைச்சரக்காயிற்று. சூட்டில் அதிகம் நீர்த்துப் போகாத அந்த எண்ணெயைப் பிற்பாடு எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே தூது வைத்தார்கள். ரேடியேட்டர் காற்று சுட்டால் முகப்பிலுள்ள இரட்டை உலோகச் சுருள் வழி திறக்கும். எண்ணெய் பாய்ந்து விசிறியை இழுத்துச் சுற்றும். ஆறினால் விட்டுவிடும்.

எண்ணெய் கசிந்துவிட்டாலோ விசிறி வேலை செய்வதுபோல் பாவனைதான் செய்யும்.

புதுக் கிளச் பூட்டி, அதே லாரிகளின் பின்னால் ஊர்ந்தேன். சூட்டுமுள் அசையவில்லை. ஒரு சின்ன விசிறி செய்த குற்றத்துக்கு எஞ்சினைத் தூக்கிலிட இருந்தேனே!