குகையும் துணையும்

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சிறு குன்று உண்டு. அக்குன்றின் சரிவில், ஆள் குனிந்து நுழையும் அளவில் ஒரு முழை. அது மதுரை வரை செல்லும் சுரங்கம் என்றும், நாயக்கர் காலத்தில் வீரர்கள் அதன் வழியே குதிரையேறிச் சென்றனர் என்றும் என் பாட்டியார் சொல்லுவார். குனிந்து நுழைய வேண்டிய வழியில் குதிரை எவ்வாறு போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இத்தகைய சுரங்கக் கதை ஒன்றேனும் இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது.

எனக்கு 12 வயது நடக்கும்போது ஒரு நாள், பாதி எரிந்த மெழுகுவத்தியும் ஒரு தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு அம்முழையினுள் தனியே புகுந்தேன். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள், ஆகையால் சொல்லவில்லை. தோழர்களிடம் சொன்னால் புகழில் பங்கு கேட்பார்கள். ஆகையால் அவர்களிடமும் சொல்லவில்லை. இருபது முப்பது அடி தவழ்ந்து சென்றிருப்பேன். மேலிருந்து சொட்டிய நீர் மெழுகுவத்தியை அணைத்துவிட்டது. வியர்வையில் நனைந்த தீக்குச்சிகள் எரியவில்லை. திரும்ப முயன்றேன். எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் பாறை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. எவ்வளவு நேரம் அழுதேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு குரல் கேட்டது: “ஏலே தம்பி, உள்ளேயா இருக்கே? பயப்படாதே, என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வா!” நான் உள்ளே போனதைப் பார்த்து, வெளிவரக் காணாமல் தேடி வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் அவர். அந்தக் குரலைப் பற்றிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

அன்று என்னைக் காத்தது என் துணிவும் அன்று, அறிவும் அன்று. நான் இருக்குமிடம் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது என்ற ஒன்றுதான். இதனை எத்தனையோ பேர் உயிரைக் கொடுத்துக் கற்பித்திருக்கிறார்கள். அவர்களுள் இருவருடைய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது நிகழ்ச்சி பிரெஞ்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் நடந்தது. அந்நகரத்தின் அடியில் பழங்காலத்தில் கட்டடக் கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் பல மைல் நீளத்திற்குப் பின்னிக் கிடக்கின்றன. 1793-ஆம் ஆண்டு, வால் தெ கிராஸ் என்னும் மருத்துவமனையின் வாயிற்காவலரான பிலிபேர் அஸ்பேர் என்பவர் தனியே அச்சுரங்கத்தில் இறங்கினார்; திரும்பவில்லை. 11 ஆண்டுகள் கழித்து, 1804-இல், அவருடைய உடல் கிடைத்தது. உடலைக் கொண்டு ஆளை அறிய இயலவில்லை. இடுப்பிலிருந்த மருத்துவமனைச் சாவிக்கொத்தே அவர் இன்னாரென்று காட்டியது. கிடந்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்து கல் நாட்டினர். அக்கல் இன்றும் இருக்கிறது. அத்தனை கதவுகளுக்குச் சாவி வைத்திருந்தவருக்குத் தாம் வெளியேற ஒரு வழி கிடைக்கவில்லை.

நிலத்தடியில் வழி தவறுவது ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது? போகும்போது ஒரு கிளைவழியிலிருந்து பெருவழியில் வந்து சேருகிறோம். அப்போது நம் கண்ணுக்கு முன்னே இருப்பது ஒரே வழி. திரும்பும்போதோ இரண்டு மூன்று வாய்கள் நம்மை எதிர்கொள்கின்றன. முன்பு முதுகுக்குப் பின்னால் இருந்தவற்றை நாம் பார்த்ததே இல்லை. ஆகையினாலேயே, பழகியவர்கள் ஒவ்வொரு சந்தியிலும் நின்று திரும்பிப் பார்த்து, வந்த வழியின் தோற்றத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். விளக்கு அணைந்துவிட்டால் அதுவும் பயன்படாது. நள்ளிரவிலும் வானத்தில் விண்மீன் உண்டு. குகையினுள்ளே கண்ணுக்கு எதிரே பிடித்த கையும் தெரியாது.

வழி தெரியாதவருக்கு நேர்ந்தது இது. வழியை நன்கு அறிந்தவர் ஒருவருக்கு நேர்ந்ததை இனிக் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் நிலம் பரந்து கிடக்கிறது. மழைநீர் அக்கல்லைக் காலமெல்லாம் கரைத்து, நிலத்தின் அடியில் எண்ணற்ற குகைகளைக் குடைந்திருக்கிறது. அவற்றுள் தலைசிறந்தது மாம்மத் குகை. அதன் உள்ளிடங்களை உலகுக்குக் காட்டியவர்களுள் முதல்வர் ஸ்டீபன் பிஷப். அவர் அடிமையாக இருந்த கறுப்பின இளைஞர். வந்தவர்களுக்கு வழிகாட்டுவது அவர் வேலை. அக்காலத்தில் எவரும் கடக்காதிருந்த ‘அடியில்லாப் பாழ்’ என்ற பிலத்தை அவர் 1838-இல் கடந்தார். கடந்தபோது அவருடன் இன்னொருவர் இருந்தார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதி உழவர்களுக்குக் குகை ஒரு பிழைப்பாயிற்று. வயலில் விளைவது குறைவு. காண வருவோரிடம் கட்டணம் பெற ஒரு குகை கிடைத்தால் குடும்பம் தழைக்கும். பிளாய்ட் காலின்ஸ் அத்தகைய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயது முதலே குகைகளில் தவழ்ந்து பழகியவர். 1917-இல் தம் குடும்ப நிலத்திலேயே அழகிய படிகக் குகை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆயினும் அது பெருஞ்சாலையிலிருந்து தொலைவில் இருந்தது. வருகிறவர்கள் வழியிலுள்ள வேறு குகைகளிலேயே நின்றுவிட்டார்கள். ஆகவே சாலைக்கு அருகில் ஒரு குகை வேண்டும் என்று தேடினார். மணற்குகை என்று பின்னர் பெயர்பெற்ற ஒரு பிளவைத் தெரிந்தெடுத்து, நிலத்துக்கு உரியவர்களுடன் ஊதியத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டு, தனியாகவே கல்லையும் மண்ணையும் அகற்றி வழி செய்து வந்தார்.

1925-ஆம் ஆண்டு ஜனவரி 30. அன்றும் அவர் தனியாகவே உள்ளே சென்றார். திரும்பி வரும்போது, உடல் மட்டுமே நுழையும் ஓர் இடுக்கில், முன்னே தள்ளிக்கொண்டு வந்த விளக்கு கவிழ்ந்து அணைந்தது. இருளில் முன்னேறக் காலை உதைத்தார். பெயர்ந்து விழுந்த ஒரு கல் அவருடைய இடக்காலைப் பற்றிக்கொண்டது. அக்கல்லின் எடை சுமார் 27 இராத்தல். அதாவது 12 கிலோ. ஒரு சிறுவன் தூக்கக்கூடிய கல் அது. ஆனால் கைகள் பக்கவாட்டில் நெருக்குண்டு கிடந்தன; காலோ பின்னே எட்டாத இடத்தில் இருந்தது. வாயிலிலிருந்து அவர் கிடந்த இடம் ஏறத்தாழ 150 அடிதான்.

இரவு கழிந்தது. அவர் வரவில்லையே என்று அண்டை வீட்டார் தேடியது மறுநாள்தான். அயலிலிருந்த ஓர் இளைஞன் தவழ்ந்து சென்று அவருடைய குரலைக் கேட்டு வந்தான். அதற்குள் ஏறக்குறைய ஒரு முழு நாள் ஈரத்திலும் குளிரிலும் அவர் கிடந்துவிட்டார். குகையின் குளிரை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மாம்மத் குகையின் உட்பகுதியில் ஆண்டு முழுவதும் நிலவும் வெப்பம் 12 பாகை அளவே. ஈர உடையுடன் அசையாமல் பாறைமேல் கிடப்பவனுடைய உடற்சூட்டைப் பாறை சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும்.

செய்தி பரவியது, உதவிக்குப் பலர் வந்தார்கள். அவர்களுள் சிலர் செய்தது நெஞ்சை வருத்துவது. உணவும் போர்வையும் எடுத்துக்கொண்டு உள்ளே புகுவார்கள். கடைசி இடுக்கைக் கண்டதும் அச்சம் மேலிடும். கொண்டுபோனவற்றைப் பாறைப் பிளவுகளில் செருகிவிட்டு, வெளியே வந்து, ‘கொடுத்துவிட்டோம்’ என்பார்கள். வெளியே இருப்போர் ஆறுதல் அடைவார்கள். உள்ளே இருப்பவர் பசித்துக் கிடப்பார். அவர்களை இகழ எனக்கு மனம் வரவில்லை. அந்த இருளில் சிறிது நேரம் கிடந்தவன் நான்.

அஞ்சாமல் மீண்டும் மீண்டும் சென்றவர்கள் மிகச் சிலரே. அவருடைய தம்பி ஹோமர் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் லூயிவில் நகரத்து நாளிதழ் ஒன்றின் நிருபரான வில்லியம் மில்லர். இளைஞர்; மெலிந்த உருவினர். செய்தி எழுத வந்தவர், தலைகீழாகத் தவழ்ந்து சென்று, காலின்ஸுக்கு உணவூட்டினார். அவரைச் சூழ்ந்திருந்த கல்லையும் சேற்றையும் தம் கையால் அள்ளி அகற்றினார். வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரு மின்விளக்கு உள்ளே கொண்டுசெல்லப்பட்டது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். வேதனை தாங்க முடியவில்லை. பாரந்தூக்கும் ஜாக்கியை இரும்புக்கோலோடு பொருத்திக் கல்லை நெம்ப முயன்றார்கள். அது நழுவி நழுவிப் போயிற்று. பிப்ரவரி 4-ஆம் நாள் வழியின் மேற்கூரை சரிந்து பாதையை அடைத்துவிட்டது. பிறகு மேலிருந்து 55 அடி ஆழத்துக்குக் கிணறு போல ஒரு குழி தோண்டினார்கள். பிப்ரவரி 16-ஆம் நாள் அவரை எட்டியபோது உயிர் இல்லை. சுமார் மூன்று நாட்களுக்கு முன்னரே இறந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். மில்லர் எழுதிய செய்திகளுக்கு 1926-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

வானொலியில் பேசும் நான் ஒன்றை மறைக்கலாகாது. அமெரிக்காவில் ஒலிபரப்பு தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நாட்டு மக்கள் வானொலி வழியே நாள்தோறும் கேட்டுக் கலங்கிய முதற் பெருஞ்செய்திகளுள் இதுவும் ஒன்று. பல்லாயிரம் பேர் அவ்விடத்தில் குவிந்தனர். தின்பண்டமும் பலூனும் விற்கும் கடைகள் தோன்றித் திருவிழாப் போலாயிற்று. கூட்டத்தை அடக்கப் படைவீரர்கள் வேண்டியிருந்தது. இறந்த பின்னும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. 1927-இல் குடும்ப நிலம் விலைபோயிற்று. அதை வாங்கியவர் அவருடைய உடலைக் கண்ணாடி மூடிய பெட்டியில் இட்டு, அவர் கண்டுபிடித்த படிகக் குகையிலேயே காட்சிக்கு வைத்தார். 1929-இல் அவ்வுடல் திருடுபோய் மீண்டபோது, காயம்பட்ட கால் இல்லை. 1989-இல்தான் அவர் முறையாகக் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது அந்தக் கல்லின் எடைதான். உதவ வந்தவர் அனைவரும் தலைப்பக்கமாகவே வர முடிந்தது. கல்லோ கால்பக்கம் இருந்தது. அன்று காலையில் ஒரு தோழர் அவருக்குப் பின்னே வந்திருந்தால், கையை நீட்டி அதை அகற்றியிருக்கலாம். முன்னே சென்றிருந்தால், அந்த நாழிகையிலேயே உதவி தேடியிருக்கலாம். காலின்ஸிடம் திறமை குறைவாக இருக்கவில்லை. தம் திறமையையே துணையாக எண்ணிவிட்டார். அது காலுக்குப் பின்னே எட்டவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006-இல் கேரளத்தின் மஞ்சும்மல் என்னும் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்கள் குழு ஒன்று, குணா குகைப் பகுதியில் தடையை மீறி உள்ளே சென்றது. ஒருவர் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்துவிட்டார். அவருடைய நண்பர்களுள் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். தடையை மீறியது தவறே. எனினும் விழுந்த கணத்திலேயே, இன்ன இடத்தில் விழுந்தான் என்று அறிந்தவர்கள் மேலே இருந்தார்கள். அதனால் அவர் பிழைத்தார்.

இன்று குகை ஆய்வோர் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறிகள் எளியவை. தனியே செல்லாதே. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்பதை வெளியே உள்ள ஒருவரிடம் சொல்லிச் செல். ஒருவருக்கு மூன்று விளக்குகள் எடுத்துச் செல். இவற்றுள் விளக்கை விலைக்கு வாங்கலாம். மற்ற இரண்டுக்கும் மனிதர்கள் வேண்டும்.

காலின்ஸ் கண்ட படிகக் குகை பிளின்ட் மேட்டுக் குகைத்தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதிக்கும் மாம்மத் குகைக்கும் நிலத்தடியில் தொடர்பு உண்டா என்பது நெடுங்காலக் கேள்வியாக இருந்தது. 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அவ்வழி கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அளந்தறியப்பட்ட அதன் நீளம் 680 கிலோமீட்டருக்கு மேல். உலகிலேயே மிக நீண்ட குகை அது. அந்த வழியைக் கண்டு வெளிவந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒன்றாகச் சென்று, ஒன்றாகத் திரும்பினார்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர் இன்று இல்லை. முழையின் வாயில் நின்று அவர் கொடுத்த குரல் மட்டும் என் காதில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை மலைக்கோ குகைக்கோ புறப்பட்டால், ‘போகாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், சொல்லாமல் போய்விடுவான். ‘யாருடன் போகிறாய், எப்போது வருவாய்?’ என்று கேளுங்கள். அந்நேரம் கடந்தால் குரல் கொடுக்க ஆள் உண்டு என்பதை அவன் அறிந்திருக்கட்டும்.