வெயிலும் ஊசியும்: வளைகுடாவில் ஒவ்வாமை அவசர மருந்தின் வரலாறு

வளைகுடாக் கரையில் முத்துக்குளித் தொழில் தழைத்திருந்த காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் பெரும் பருவத்தின் நடுவே சொறிமீன்கள் எனப்படும் ஜெல்லி மீன்கள் பெருகும் நாட்களில், மூழ்குவோர் உடலை முழுவதும் மூடும் பருத்தி உடையணிந்தே கடலில் இறங்கினர். கொட்டும் உயிரினத்தைத் தோலில் படாமல் தடுப்பது ஒன்றே அக்காலத்துப் பாதுகாப்பாக இருந்தது. கொட்டுப்பட்டபின் உடல் முழுவதும் நிலைகுலையும் சிலருக்கு உடனே கொடுக்கத்தக்க மருந்து அக்கரையில் மட்டுமன்றி உலகில் எங்குமே இருக்கவில்லை. அந்நிலைகுலைவுக்கு விளக்கம் கிடைத்ததும் கடலுயிர்களின் நஞ்சை ஆராயப் புறப்பட்ட ஒரு பயணத்தின் தொடர்ச்சியாகவே. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற பிரெஞ்சு உடலியலாளர்கள் சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும், சொறிமீனை ஒத்த மிதவை உயிரி ஒன்றின் நஞ்சைப் பற்றித் தொடங்கிய ஆய்வைப் பாரிசுக்குத் திரும்பியபின் கடல் அனிமோனின் நஞ்சைக் கொண்டு தொடர்ந்தனர். முதல் முறை நஞ்சைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவே செலுத்தப்பட்டபோது அரைமணி நேரத்துக்குள் இறந்ததை 1902-இல் அறிவித்தனர். இவ்விளைவுக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்ட ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

அனாபிலாக்சிஸ் என்பது, முன்பே அறிமுகமான ஒரு பொருளை உடலின் தற்காப்பு அமைப்பு கொடிய பகையாகக் கருதி, ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் வெளியேற்றுவதால் தோல் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் சரியும் நிலையாகும். இவை அனைத்தையும் எதிர்த்து நிற்கும் அட்ரினலினை, அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தூய வடிவில் பிரித்தெடுத்தார். நோயின் விளக்கமும் மருந்தும் இவ்வாறு ஒரே காலத்தில் பிறந்தன எனினும், அவை மக்களை ஒரே காலத்தில் அடையவில்லை. பஹ்ரைனில் 1903-இலேயே அமெரிக்க மிஷன் மருத்துவமனை இயங்கத் தொடங்கிவிட்டது. இன்று ஐக்கிய அரபு அமீரகமாக விளங்கும் தென்கரையிலோ துபாயின் மக்தூம் மருத்துவமனை 1950களின் தொடக்கத்திலும், அல் ஐன் சோலையில் கென்னடி தம்பதியரான மருத்துவர்கள் தொடங்கிய மருத்துவமனை 1960-இலும்தான் உருவாயின.

அல் ஐனைத் தனித்துக் குறிப்பிட வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சாய்வான கால்வாய் வழியே பேரீச்சந் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் ஃபலஜ் என்னும் பண்டைய பாசன முறையால் வாழ்ந்துவந்த இச்சோலையில், 1946 முதல் அபுதாபி ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்த ஷேக் சயீத், அக்கால்வாய்களைச் சீரமைத்தார். 1971-இல் அமீரகம் உருவானபின் பசுமையாக்கம் நாடளாவிய பணியாயிற்று. சாலையோரப் புல்வெளிகள், பூங்காக்கள், வீட்டுத் தோட்டங்கள் என நீர் பாய்ந்த இடமெல்லாம் மண் ஈரமாயிற்று. அந்த ஈரம், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு மனிதக் குடியிருப்பை அண்டி வாழும் சம்சம் எறும்புக்கும் வாழிடமாயிற்று. சூடானின் சென்னார் பகுதியின் பெயரை அறிவியற் பெயரில் தாங்கிய இவ்வெறும்பு நம்மூர்க் கட்டெறும்பைவிடச் சிறியது, கருநிறமானது, நடைபாதைக் கற்களின் இடுக்கிலும் புல்தரையின் அடியிலும் கூடு கட்டுவது. கடித்துப் பற்றும் எறும்புகளைப் போலன்றி, இது குளவியைப் போல வால்முனைக் கொடுக்கால் நஞ்சைச் செலுத்துகிறது. பெரும்பாலோர்க்கு வலியோடும் தடிப்போடும் போகும் இக்கொட்டு, உடல் முன்பே பழகி ஒவ்வாமை கொண்ட சிலருக்கு உயிரச்சமாகிறது. இவ்வொவ்வாமையைப் பற்றிய குறிப்பு 1992-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்புரதமே இதற்குக் காரணம் என்பதை 1995-இல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது. அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் கடும் பாதிப்புகள் பதிவாயின, உயிரிழப்புகளும் நேர்ந்தன. பாலைவனத்தைப் பசுமையாக்கியது பெருமைக்குரிய பணி என்பதில் ஐயமில்லை. அப்பசுமையைக் கையால் பேணும் தோட்டத் தொழிலாளியே அதன் ஆபத்துக்கு மிக அருகில் நிற்கிறார் என்பதையும் அவ்வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.

கொட்டுப்பட்டவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதே மருந்தை உடன் வைத்திருப்பதன் தேவையைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் அனாபிலாக்சிஸால் இறந்தோரின் விவரங்களை ஆராய்ந்த பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட முடிவின்படி, மூச்சோ இதயமோ நிற்பதற்கான இடைநிலைக் கால அளவு உணவு ஒவ்வாமையில் 30 நிமிடம், பூச்சி நஞ்சில் 15 நிமிடம் மட்டுமே. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பது இங்கே போதாது என்பதால், குளவிக் கொட்டுக்கு அஞ்சியவர்களுக்காக மருந்து நிரப்பிய ஊசி, ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை, கட்டுப்பட்டை ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் அடக்கிய அனா-கிட் போன்ற தொகுப்புகள் இவ்வாய்வுக்கு முன்பே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. பெட்டி கையடக்கமானது, ஆனால் நடுங்கும் கையோடு, ஊசியைக் கண்ணால் கண்டபடி, தன் தொடையில் தானே குத்திக்கொள்ளும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

இத்தடையை நீக்கிய கருவி போர்க்களத் தேவையிலிருந்து பிறந்தது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு வாயுவுக்கு ஆளான படைவீரர், உடையைக் கழற்றாமலே மாற்று மருந்தைச் செலுத்திக்கொள்வதற்காக, முனையைத் தொடையில் அழுத்தினால் உள்ளிருக்கும் சுருள்வில் ஊசியைத் துணியூடே செலுத்தும் தானியங்கி ஊசியை, மேரிலாந்து மாநிலத்துச் சர்வைவல் டெக்னாலஜி நிறுவனத்தில் ஷெல்டன் காப்லன் என்னும் பொறியாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர்; 1977-இல் அவர் பெற்ற காப்புரிமை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. அதே அமைப்பில் அட்ரினலினை நிரப்பிய எபிபென் 1987-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. மூன்றாண்டுகளுக்குள் ஈராக் குவைத்தைக் கைப்பற்ற, சவூதிப் பாலைவனத்தில் குவிந்த அமெரிக்கப் படையினர், அட்ரோபினும் பிராலிடாக்சிமும் அடங்கிய மார்க்-1 என்னும் இரட்டை ஊசித் தொகுப்புகளை நச்சுவாயு முகமூடிப் பையில் சுமந்து திரிந்தனர். எபிபென்னின் போர்க்கால உறவினமான ஊசியை ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் உடலோடு சுமந்த நிலம் வளைகுடா என்பது இவ்வரலாற்றில் கவனத்துக்குரிய செய்தியாகும்.

படைவீரரின் சீருடைக்கு ஏற்ற நீண்ட குழாய் வடிவம், பள்ளிச் சிறுவரின் சட்டைப்பைக்கு ஏற்றதன்று. ஒவ்வாமையோடு வளர்ந்த எட்வர்ட்ஸ் இரட்டைச் சகோதரர்கள், சீட்டுக்கட்டை ஒத்த தட்டையான அளவில், குரலால் வழிகாட்டும் ஆவி-கியூ கருவியை வடிவமைத்து 2012-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றனர். 2024-இல் ஊசியே இல்லாமல் மூக்கில் பீச்சும் அட்ரினலினும் அங்கே ஒப்புதல் பெற்றது.

ஆயினும் வளைகுடாவில் மருந்தைச் சுமப்பதற்குக் கருவியின் அளவைவிட வெப்பமே பெரிய தடை. அட்ரினலின் ஒளியாலும் வெப்பத்தாலும் காற்றாலும் சிதைவது. எபிபென்னை 20 முதல் 25 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும் என்றும், 15 முதல் 30 வரையிலான ஏற்ற இறக்கமே பொறுக்கத்தக்கது என்றும் அமெரிக்கக் குறிப்பு கூறுகிறது. குவைத்தின் மித்ரிபா நிலையத்தில் 2016 ஜூலை 21 அன்று பதிவான வெப்பம் 53.9 பாகை, கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமோ 60 பாகையைக் கடப்பதுண்டு. மனித உடலின் வெப்பமே 37 பாகையாக இருக்கையில், வியர்வையில் நனைந்த கால்சட்டைப் பைகூட அம்மருந்துக்கு உகந்த இடமன்று. கருவியின் சிறு சாளரத்தில் மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் கெட்டுவிட்டது என்று அறியலாம். நிறம் மாறாதிருப்பது மட்டும் அது வீரியத்தோடு இருப்பதற்குச் சான்றாகாது. இதற்கென விற்கப்படும், நீரில் நனைத்துப் பயன்படுத்தும் துணிப்பைகள் மண்பானையைப் போல ஆவியாதலால் குளிர்பவை. வறண்ட அல் ஐனில் நன்கு பயன்படும் இவை, ஆகஸ்ட் மாதத்து அபுதாபிக் கடற்கரையின் புழுக்கத்தில் அவ்வளவு குளிர்வதில்லை. பனிக்கட்டியோடு நேரே சேர்த்து உறையவிடுவதும் கேடு. ஆகவே வெப்பம் புகாத உறையில், உறைந்த பொதியைத் தொடாதபடி வைத்து, காரில் விட்டுச் செல்லாமல் எப்போதும் ஆளோடு கொண்டுசெல்வதே வழி.

உணவு ஒவ்வாமை உடையோர்க்கும் இக்கரையில் கவனம் தேவை. ஹம்முஸ், ஹல்வா முதலியவற்றில் சேரும் தஹினி என்பது எள் விழுதே. நல்லெண்ணெயைத் தவிர்க்கத் தெரிந்த தமிழருக்கு, ஹம்முஸ் என்னும் கொண்டைக்கடலை மசியலில் எள் மறைந்திருப்பது தெரியாமல் போகக்கூடும்.

தமிழ்நாட்டில் ஒவ்வாமை உடையோர்க்குத் தானியங்கி ஊசி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், மலிவான அட்ரினலின் ஆம்பூலையும் சிரிஞ்சையும் பயன்படுத்த மருத்துவர்கள் பழக்குவதுண்டு. கனடாவின் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆம்பூலிலிருந்து மருந்தை எடுத்துத் தயார்செய்ய மருத்துவர்களுக்குச் சராசரியாக 52 விநாடிகளும் பெற்றோருக்கு 142 விநாடிகளும் ஆயின. எடுத்த அளவுகளும் வெகுவாக மாறுபட்டன. முன்கூட்டியே சிரிஞ்சில் நிரப்பி வைத்தாலோ, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஊரிலிருந்து விமானம் ஏறும் தொழிலாளி தம் ஒவ்வாமையை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையில் வைத்திருப்பது முதற்கடமை.

இரண்டாவது கடமை வேலை கொடுப்போருடையது. அமீரகத்தில் 2005 முதல் நடைமுறையில் உள்ள கோடைக்கால நண்பகல் ஓய்வு, இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதைத் தடுக்கிறது. பணியிடத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவிப் பொருள்களும் வைக்க அரசு கோருகிறது. தோட்டங்களும் பூங்காக்களும் பராமரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்த நிழற்கூடத்து முதலுதவிப் பெட்டியில், குளிர்ந்த உறைக்குள், இரண்டு அட்ரினலின் ஊசிகளைச் சேர்த்து, கொட்டுப்பட்டவரை எழுந்து நடக்கவிடாமல் படுக்கவைத்து ஊசி செலுத்தி 998-ஐ அழைக்க மேற்பார்வையாளருக்குக் கற்பிக்க வேண்டும்.