ஹெரால்டு காரின் சட்டமில்லாக் கண்ணாடி

கதவைச் சாத்தியதும் ஜன்னல் கண்ணாடியின் மேல்விளிம்பு கூரையோரத்து ரப்பரில் ஒரே சீராகப் படியாமல், ஒருபுறம் அளவுக்கு மீறி அழுந்தியும் மறுபுறம் விரல் நுழையும்படி விலகியும் நிற்பது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தவர்களுக்குப் பழகிப்போன சங்கடம். ஐப்பசி மழையில் அந்த இடைவெளி வழியே நீர் இறங்கி ஓட்டுபவரின் தோளை நனைக்கும். வேகம் பிடித்தால் காற்று சீட்டியடிக்கும். பெரும்பாலோர் இதைக் கண்ணாடியின் குற்றமென்றே கருதிக் கண்ணாடியை மாற்றிப் பார்ப்பதுண்டு. ஆனால் இக்குறையின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தால், அது 1953-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு கம்பெனி விற்பனையில் போய் முடிகிறது.

குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளிலும் ஆதிகால ரயில் பெட்டிகளிலும் ஜன்னல் கண்ணாடியை ஒரு தோல்வாரால் இழுத்து, வாரிலுள்ள துளையை ஆணியில் மாட்டி நிறுத்துவார்கள். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இந்த வழக்கமே அதற்கும் சுவீகாரமாயிற்று. பிறகு வந்ததுதான் கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர். கைப்பிடி ஒரு சிறு பற்சக்கரத்தைத் திருப்ப, அது விசிறி வடிவமான பெரிய பற்சக்கரத்தை நகர்த்த, அதனோடு இணைந்த இரும்புக் கை உயர்ந்து கண்ணாடியின் அடிச்சட்டத்தைத் தூக்குகிறது. இந்த யந்திரம் கண்ணாடியைத் தூக்குமே ஒழிய, அது நேராகப் போகிறதா என்று பார்ப்பது அதன் வேலையன்று. அந்தப் பொறுப்பு இருபுறமும் உள்ள சேனல்களுடையது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கதவோடு கூடிய முழுச் சட்டம் ஒன்று கண்ணாடியை உச்சிவரை அணைத்துக்கொண்டே செல்வதால், அது வழிதவறிப் போக இடமில்லை.

சட்டத்தை எடுத்துவிட்டு, கண்ணாடியின் விளிம்பே நேராகக் கூரை ரப்பரில் படியும்படி செய்வது, அமெரிக்காவில் 1949-இல் பியூக், காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகள் பிரபலப்படுத்திய அலங்காரம். நடுத்தூணும் இல்லாமல் சட்டமும் இல்லாமல், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் திறந்த வண்டிபோல் தோன்றும் அந்த மாதிரி, பணக்காரர்களின் ஆடம்பரமாகவே பிறந்தது. கண்ணாடியைச் சரிசெய்வது ஒரு தனி வித்தையாக வளர்ந்ததற்கு இவ்வண்டிகள் முக்கிய காரணம். ஹெரால்டு காரோ எளியவர் வாங்கும் சிறு வண்டி. அதற்குச் சட்டமில்லாக் கண்ணாடி அமைந்தது சிக்கனத்தை உத்தேசித்து. கூரையுள்ள வண்டிக்கும், கூரையை மடக்கும் வண்டிக்கும் ஒரே கதவு உதவவேண்டுமானால், கதவில் மேற்சட்டம் இருக்கலாகாதல்லவா!

இனி 1953-க்கு வருவோம். காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் காரின் உடற்பகுதிகளைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் ஸ்தாபனத்தை, அவ்வாண்டு போட்டிக் கம்பெனியாகிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த மாதிரிக்கு உடல் செய்து தர ஆளில்லை என்ற நிர்ப்பந்தத்தில், ஸ்டாண்டர்டு நிர்வாகிகள் பர்மிங்காமிலிருந்த மல்லினர்ஸ் முதலிய சிறு தொழிற்சாலைகளைச் சேர்த்துக்கொண்டு, முழு உடலை ஒரே இடத்தில் செய்தெடுப்பதைக் கைவிட்டு, துண்டு துண்டாகச் செய்து தனி சேஸிஸின்மேல் போல்ட்டு போட்டு முடுக்கும் வழியைத் தேர்ந்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி அத்துண்டுகளுக்கு அழகிய வடிவம் தந்தார். 1959 ஏப்ரலில் அவ்வண்டி, ஸ்டாண்டர்டு கம்பெனியின் டிரயம்ப் முத்திரையோடு, டிரயம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்தது. கூரையே தனித்துண்டு, போல்ட்டுகளைக் கழற்றினால் தூக்கி வைத்துவிடலாம். முதுகை ஒரு தையற்காரரிடமும் கையை இன்னொருவரிடமும் தைக்கக் கொடுத்துச் சட்டை முடித்ததுபோல், வண்டி கண்ணுக்கு லட்சணமாகவும் மூட்டுக்கு மூட்டு சற்றுச் சந்தேகமாகவும் அமைந்தது. தொடக்ககால ஹெரால்டுகள் ஒழுகின, கடகடத்தன. 1961-இல் கம்பெனியை லேலண்டு எடுத்துக்கொண்ட பிறகே இக்குறைகளில் பல திருத்தப்பட்டன.

துண்டுகளாகப் பிரித்துக் கப்பலேற்றி அயல்நாட்டில் மாட்டிக்கொள்ள வசதியான இந்த வண்டி, சுதேச உற்பத்தியை வற்புறுத்திய இந்திய அரசாங்கத்தின் கொள்கைக்கும் ஏற்றதாக இருந்தது. வெறும் கூட்டுவேலை செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் இந்தியாவிலிருந்து விலகிக்கொள்ள, சென்னையில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிலைத்து நின்று, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்து விற்றது. அடுத்த இருபதாண்டுகளில் நம் சாலைகளில் ஓடியவற்றில் பெரும்பான்மை அம்பாசிடரும் ஃபியட்டும்தான். மூன்றாமிடத்தில் நின்ற இந்த வண்டியையே நம் ஊர் டிங்கர்கள் அதன் பிடிவாதம் காரணமாக நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வேலையின் கிரமத்தையும் பார்த்துவிடலாம். கதவின் கைப்பிடிகளைக் கழற்றி உட்பலகையை எடுத்தால், முன்பக்கம் சிறு முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தோடு ஒரு சேனலும், பின்பக்கம் கதவின் வயிற்றுக்குள் மற்றொரு சேனலும் தெரியும். இவற்றின் போல்ட்டுகள் நுழையும் துளைகள் நீளவாக்கில் அமைந்திருப்பது, நகர்த்திப் பொருத்துவதற்காகவே. கதவின் இடைமட்டத்தில் ஃபெல்ட்டு பீடிங் கண்ணாடியைப் பிடித்திருப்பதால், அந்த இடமே கீல்போல் நின்று, சேனலின் அடிமுனையை வெளிப்புறம் தள்ளினால் கண்ணாடியின் தலை உட்புறம் சாயும். உள்ளே இழுத்தால் வெளியே சாயும். பழகாதவர் இதைத் தலைகீழாகச் செய்து, குறையை இரட்டிப்பாக்கிவிட்டு மலைப்பதுண்டு. சோதனைக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். அதைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், தாராளமாக வழுகி வருமிடத்தில் கண்ணாடி ரப்பரைத் தொடவில்லை. கிழியுமிடத்தில் மிதமிஞ்சி அழுந்துகிறது. சற்று இறுக்கத்தோடு முழுதாக வந்தால் அந்த இடம் சரி. இப்படி விளிம்பு நெடுகிலும் பார்த்துவிட்டு, இறுதியாகக் கண்ணாடி எந்த உயரத்தில் நிற்கவேண்டுமென்று தீர்மானிக்கும் தடையை இறுக்குவார்கள்.

இத்தனையும் செய்தபிறகும், இரண்டு மாதத்தில் கண்ணாடி மறுபடி விலகிவிட்டதென்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றால், கோளாறு சேனலில் இல்லை. உடற்பகுதிக்கும் சேஸிஸுக்கும் நடுவேயுள்ள ரப்பர்த் துண்டுகள் நைந்து, உடல் ஒருபுறம் அமர்ந்து, கதவுச் சந்து அகன்று, கூரையும் கதவும் வெவ்வேறு திசையில் போயிருக்கும். ஆகவே ஹெரால்டு வைத்திருப்போர் முதலில் உடலின் போல்ட்டுகளையும் ரப்பர்களையும் பார்க்கவேண்டும். அடுத்து கதவின் கீல்களை. அதன்பிறகே சேனலில் ஸ்பானர் வைக்கவேண்டும். கடைசியில் போடவேண்டிய புதுப் பீடிங்கை முதலிலேயே வாங்கி ஒட்டுவது, வீண் செலவு.