கல்லறை என்னும் பெயருடைய வாத்தியக் குழு

மொழிபெயர்ப்பிலே பிறந்த வாத்தியக் குழு ஒன்று உண்டோ எனக் கேட்பின், பிரேசில் நாட்டின் ‘செபுல்தூரா’வைக் காட்டலாம். 1984ஆம் ஆண்டில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துத் தலைநகராகிய பெலோ ஒரிசோன்ட்டேயில், பள்ளிப் பருவம் கடவாத மாக்ஸ் கவலேரா, மோட்டர்ஹெட் என்ற ஆங்கிலக் குழுவின் பாட்டொன்றைப் போர்த்துகீசியத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அதில் வந்த கல்லறை என்னும் சொல்லுக்கு நேரான போர்த்துகீசியச் சொல்லே ‘செபுல்தூரா’. தாமும் தம்பி இகோரும் தொடங்கிய குழுவிற்கு அதையே பெயராக்கினார்.

1964இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சி பிரேசிலில் 1985 வரை நீடித்தது. அதன் இறுதி நாள்களில் வளர்ந்த இவ்விளைஞர்களின் செவிக்கு எட்டியவை, வெனம், ஸ்லேயர், கிரியேட்டர் முதலிய அயல்நாட்டுக் குழுக்களின் இசைத்தட்டுகள்; அவையும் பெரும்பாலும் கைக்குக் கை மாறிய ஒலிநாடாப் படிகள். மின் கிதாரின் தந்தியை உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தியவாறே மீட்டினால் நாதம் நீளாது. வெட்டுண்ட குறு ஒலிகளாக உதிரும். அவற்றை மிகு வேகத்தில் அடுக்கிச் செல்வதே ‘த்ராஷ் மெட்டல்’ என்னும் இசைவகையின் அடிப்படை. பழகாத செவிக்கு வெறும் இரைச்சலாகவே தோன்றும். ஆயினும் அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. தாளம் தவறினால் அக்கணமே அம்பலமாகிவிடும்.

உள்ளூர் இசைத்தட்டுக் கடையொன்றிலிருந்து கிளைத்த கோகுமேலோ நிறுவனம் 1985இல் இவர்களுடைய முதல் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் இவர்களுக்கு, மறுபக்கம் ஓவர்டோஸ் என்ற மற்றோர் உள்ளூர்க் குழுவுக்கு. மாக்ஸுக்கு அப்போது ஆங்கிலம் வாராது. அகராதியின் துணையால் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாட்டுகளை அமைத்தார். அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பு எப்படியிருக்கும் என்பது இத்தொழிலில் உள்ளோர்க்கு நன்கு தெரியும். இசையும் அவ்வாறே, பிறர் நடையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாற்போல் இருந்தது.

1987இல் ஸாவோ பவுலோவைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் கிஸ்ஸர் கிதார் கலைஞராகச் சேர்ந்தபின் பயிற்சியும் நுட்பமும் கூடின. ரியோ டி ஜனீரோவில் ஒலிப்பதிவாகி 1989இல் வெளிவந்த ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’ அயல்நாடுகளிலும் புகழ்பெற்றது. த்ராஷ் என்ற அளவில் இவர்களுடைய சிறந்த ஆக்கம் அதுவே என்பது என் கருத்து. ஆனால் அதைக் கேட்பவர் இதனை இயற்றியோர் பிரேசிலியர் என்று சொல்லிவிட இயலாது.

அம்மாற்றம் முரசின் வழியே வந்தது. 1993இல் வெளிவந்த ‘கேயாஸ் ஏ.டி.’ தொகுப்பு, பிறவாதிருந்த மாக்ஸின் மகனது இதயத் துடிப்போடு தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து எழும் இகோரின் கொட்டில், பிரேசில் வீதிகளின் முழக்கம் கேட்கிறது. வேகம் குறைந்தது, கிதாரின் சுருதி தாழ்ந்தது. நிலமிழப்பதினும் சாவதே மேலென உயிர்நீத்த கயோவாப் பழங்குடியினரின் நினைவாக, மின்கருவியின்றி அமைந்த வாத்திய இசையொன்றும் அதில் உண்டு.

அடுத்த தொகுப்புக்காக மாட்டோ குரோஸ்ஸோ மாநிலத்திலுள்ள ஷவாந்தே மக்களின் கிராமத்துக்கே சென்றனர். அங்கே சில நாள் தங்கி, அம்மக்களின் சடங்குப் பாடலுடன் தங்கள் கிதாரையும் முரசையும் இசைத்துப் பதிவு செய்தனர். பஹியாவின் தாளக் கலைஞர் கார்லின்யோஸ் பிரௌனும் இத்தொகுப்பில் பங்குகொண்டார். 1996இல் வெளிவந்த அதன் பெயர் ‘ரூட்ஸ்’, அதாவது வேர்கள். இது த்ராஷ் அன்று எனப் பழைய இரசிகர் பலர் குறைகூறினர், அது உண்மையே. ஷவாந்தேக்களுடன் இசைத்த பகுதிக்கு ஆங்கிலப் பெயர் இடவில்லை. ‘இட்சாரி’ என்றே வைத்தனர்; அவர்கள் மொழியில் அதற்கும் வேர்கள் என்றே பொருள்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே மாக்ஸ் குழுவை விட்டு விலகினார். இகோர் 2006இல் விலகினார். எஞ்சியோர் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திவந்து, 2024இல் பிரியாவிடைப் பயணம் தொடங்கினர். சகோதரர் இருவருமோ, அகராதி கொண்டு இயற்றிய அந்த முதற்பாட்டுகளை 2023இல் மீண்டும் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டனர்.