விருந்தினர் உரிமமும் குடியேறியவர் உரிமமும்

வேறொரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து நம் பள்ளியிற் சேர்கிறது. கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. நான்காம் வகுப்பு என்று அதில் எழுதியிருந்தால் அப்பிள்ளையை மீண்டும் அரிச்சுவடியில் உட்கார வைப்பார் ஒருவருமில்லை. ஐயம் தோன்றினால் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்போம்; அவ்வளவே. ஆனால், ஒரு நாட்டில் மோட்டார் வண்டி ஓட்டத் தகுதி பெற்றவர் வேறொரு நாட்டிற் குடியேறினால் அவர் கையிலுள்ள லைசென்சுக்கு இந்த மதிப்புக் கிடைக்கிறதா என்பது வேறு கதை. நூறாண்டுக்கு மேற்பட்ட அக்கதையைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் என் கருத்தைச் செலுத்தியவர் எம் பள்ளியில் முன்னாளில் பயின்ற மாணவர் ஒருவர். இருபத்தாறு ஆண்டுகள் செம்பனைத் தோட்டங்களில் லோரி ஓட்டியவர். மழைக்காலத்துச் செம்மண் பாதையில் பாரம் ஏற்றிய லோரியை இறக்கத்தில் நிறுத்தி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அறிவர். அவர் சில ஆண்டுகளுக்கு முன் மகனுடன் வாழ்வதற்காக இங்கிலாந்து சென்றார். முதல் பன்னிரண்டு மாதம் மலேசிய லைசென்சைக் கொண்டே மகனுடைய காரை ஓட்டினார். பதின்மூன்றாம் மாதத்தில், வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு பழகுநராக ஓட்டும் நிலை வந்தது. "சார், நான் ஓட்டத் தெரியாதவன் ஆகிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். நேற்று வரை தெரிந்தது இன்று எப்படித் தெரியாமற் போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடப் பழைய நாட்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

லைசென்சு என்பது தொடக்கத்தில் திறமைச் சான்றாகவே எங்கும் இருந்தது என்று எண்ணுதல் பிழை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியின் பாடன் நாட்டு அதிகாரிகள் கார்ல் பென்ஸ் என்பாருக்கு எழுத்து மூலம் ஓர் அனுமதி வழங்கினர். அவர் தம் வண்டியைத் தெருவில் ஓட்டலாம் என்பதே அதன் பொருள். அவரை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கத் தெரிந்தவரும் அன்று இல்லை. திறமையைச் சோதித்துச் சான்று தரும் வழக்கம் பாரிசு நகரில் தோன்றியது. 1893ஆம் ஆண்டில் அந்நகரக் காவல் தலைவர் லெப்பின் வெளியிட்ட ஆணை, மோட்டார் வண்டி ஓட்டுவோர் தகுதிச் சான்று பெறவேண்டும் என்றது. 1899ஆம் ஆண்டில் அது பிரான்சு நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

ஆங்கிலேயர் வழி வேறு. 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1904 ஜனவரி முதல், பதினேழு வயது நிரம்பிய எவரும் வட்டார மன்றத்தில் ஐந்து வெள்ளி நாணயம், அதாவது ஐந்து சில்லிங், செலுத்தி லைசென்சு வாங்கலாம். தேர்வு கிடையாது. வண்டியை ஓட்டியவர் யார் என்று காவலர் கண்டுகொள்வதற்கு உதவும் சீட்டாகவே அது இருந்தது. அங்கே கட்டாயத் தேர்வு வந்தது 1935 ஜூன் முதல் நாளிலேதான். அதிலும் 1934 ஏப்ரலுக்கு முன் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். ஆகவே, ஒருநாளும் சோதிக்கப்படாத ஆங்கிலேயர் பலர் தம் வாழ்நாள் முழுதும் ஓட்டி, முதுமையடைந்து, பெருமையுடன் ஓய்வு பெற்றனர். என் மாணவருக்கு இதை எழுதினேன். அவர் சிரித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

ஒரு நாட்டில் திறமைச் சான்று. மற்றொரு நாட்டிற் பணம் கட்டிய சீட்டு. இவ்விரண்டும் ஒரே பெயரோடு எல்லையைக் கடந்தபோது சிக்கல் எழுந்தது. செல்வர்கள் தம் கார்களுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய காலம் அது. எல்லைதோறும் அவர்களை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருத்தல் இயலாது. அதனால் 1909 அக்டோபர் 11ஆம் நாள் பாரிசில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் சேர்த்து ஓராண்டு செல்லும் அனைத்துலகச் சான்று பிறந்தது. 1926ஆம் ஆண்டில் மீண்டும் பாரிசில் கூடி, ஓட்டுபவருக்குத் தனிச் சான்று என்று பிரித்தனர். அனைத்துலக ஓட்டுரிமம் என்று இன்று நாம் வாங்கும் சிறு புத்தகத்தின் மூதாதை அதுவே.

போருக்குப் பின், 1949 செப்டம்பர் 19ஆம் நாள் ஜெனீவாவில் செய்யப்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை நம்மையும் தொட்டது. விடுதலை பெற்ற அடுத்த ஆண்டிலேயே, 1958இல், மலாயாக் கூட்டரசு அதில் சேர்ந்தது. தகுதி நிறுவி லைசென்சு பெற்ற வெளிநாட்டாரை மறு தேர்வின்றி ஓட்ட விடவேண்டும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு மிகத் தாராளமான சொல். ஆனால் அதன் முதல் விதியிலேயே ஒரு சிறு வரம்பு அடங்கியிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் இடைவிடாமல் தம் நாட்டில் தங்கிவிட்ட ஓட்டுநருக்கு இந்நன்மையை அளிக்கும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை என்பதே அவ்வரம்பு. 1968 நவம்பரில் வியன்னாவில் ஆன உடன்படிக்கை அதனை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: லைசென்சு பெற்ற பின் ஒருவர் தம் வழக்கமான இருப்பிடத்தை மற்றொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால், அந்நாடு அவருடைய பழைய லைசென்சை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என் மாணவரின் பதின்மூன்றாம் மாதத்துக்கு வித்து இங்கேதான் இருக்கிறது. இவ்வுடன்படிக்கைகள் விருந்தினருக்காக எழுதப்பட்டவை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கு வாசல் திறந்திருக்கும். பாய் விரித்துத் தங்கிவிட்டவர் வீட்டுக்காரரின் ஒழுங்குக்கு உட்படவேண்டும். இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாலை விதி நாட்டுக்கு நாடு மாறும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட நேரும். பனி உறைந்த சாலையை நம் நாட்டு ஓட்டுநர் கனவிலும் கண்டிரார். எனினும் ஒரு முரண் உண்டு. நேற்று விமானத்திலிருந்து இறங்கி, அந்நாட்டுச் சாலையை அறியவே அறியாத பயணி தேர்வின்றி ஓட்டலாம். ஓராண்டு அதே சாலையில் ஓட்டிப் பழகியவர்தாம் தேர்வுக்குப் போகவேண்டும். ஓட்டும் திறமை ஒன்றையே கருதிச் செய்த விதியாயின் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்?

இம்முரணை ஐரோப்பாவில் ஒரு நீதிமன்றம் எடுத்து அலசியது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஜெர்மனியில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தும் தம் பிரெஞ்சு லைசென்சை மாற்றிக்கொள்ளாமல் ஓட்டினார். ஜெர்மானியச் சட்டப்படி குற்றம். வழக்கு ஐரோப்பியச் சமூகத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 1978 நவம்பர் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நாடுகளின் தேர்வு முறைகள் இன்னும் ஒன்றுபடாத நிலையில், மாற்றிக்கொள் என்று கேட்பது முறைகேடு ஆகாது என்றது நீதிமன்றம். ஆனால், ஏற்கெனவே தேறிய தேர்வையே மீண்டும் எழுதச் சொல்லுதல், மொழியினால் இடர் உண்டாக்குதல், அளவு மீறிய கட்டணம் வாங்குதல் ஆகியவை மக்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்று பிழைக்கும் உரிமைக்குத் தடையாகலாம் என்றும் அது எச்சரித்தது. மொழி இடர் என்ற சொல்லை ஆசிரியராகிய நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பிறகு அதற்கு வருகிறேன்.

அத்தீர்ப்புக்குப் பின் 1980 டிசம்பரில் ஐரோப்பியச் சமூகம் ஒரு பொது நெறியை வகுத்தது. குடிபெயர்ந்த ஓராண்டுக்குள் பழைய லைசென்சைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம்; தேர்வு இல்லை. ஆயினும் அந்த ஓராண்டைத் தவறவிட்டவர் கதி? கிரேக்கப் பெண்மணி ஒருவர் 1992 அக்டோபரில் ஜெர்மனியிற் குடியேறினார். 1993 அக்டோபர் இறுதியில், ஓராண்டு கடந்து சில நாட்களே ஆன நிலையில், காவலரிடம் அகப்பட்டார். லைசென்சே இல்லாமல் ஓட்டியவர் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்நாட்டில் அக்குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை வரை உண்டு.

1996 பிப்ரவரி 29ஆம் நாள் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. மாற்றித் தரப்படும் லைசென்சு, ஓட்டும் உரிமையைப் புதிதாகப் படைப்பதன்று. முன்பே உள்ள உரிமைக்கு அது சாட்சி மாத்திரமே. ஆகவே தாளை மாற்றத் தவறியவரை ஓட்டத் தகுதியற்றவருக்கு ஒப்பாக்கித் தண்டித்தல் குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று நீதிபதிகள் கண்டனர். அந்த ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்குள் மாற்றும் கடமையே ஒழிந்தது. ஒரு நாட்டு லைசென்சு மற்ற நாடுகளிலும் செல்லும். இத்தனைக்கும் அப்போது அந்நாடுகளிடையே ஒரே வடிவ அட்டை கூட இல்லை. நூற்றுப்பத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன. பொது வடிவம் 2013ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது.

நம் பகுதிக்கு வருவோம். 1985 ஜூலையில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் ஒருவர் லைசென்சை மற்றவர் ஏற்கும் உடன்பாட்டிற் கையெழுத்திட்டன. அதுவும் தற்காலிகமாக வந்து போவோருக்கே. நீண்ட நாள் தங்குவோர் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்படவேண்டும். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்கு அமர்ந்து தங்குகிறவர், தம் லைசென்சை அந்நாட்டு லைசென்சாக மாற்ற, அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விற் தேறவேண்டும். பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் நம் பள்ளி வழக்கத்துக்கு இது நெருங்கியது. வண்டியை மீண்டும் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. விதி தெரியுமா என்று மட்டும் பார்க்கிறார்கள். இது எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இங்கிலாந்தின் முறை வேறு. அரசாங்கம் சில நாடுகளைப் பெயர் குறித்துப் பட்டியலிட்டிருக்கிறது. அப்பட்டியலில் உள்ள நாட்டார் குடியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்வின்றி லைசென்சை மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் அதில் உண்டு. ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா உண்டு. மலேசியா இல்லை. 2021ஆம் ஆண்டு உக்ரைன், தைவான் முதலியவை சேர்க்கப்பட்டபோதும் மலேசியா சேரவில்லை. பாலத்துக்குத் தெற்கே தேறியவர் மனு எழுதி மாற்றிக்கொள்ள, வடக்கே தேறியவர் 'எல்' பலகை கட்டுகிறார். இரு நாட்டாரும் ஒரே பக்கம் ஓட்டுகிறவர்கள். இரு நாட்டுச் சட்டங்களும் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வேரிலிருந்து கிளைத்தவை. என் மாணவரின் கையையோ கண்ணையோ எவரும் ஐயுறவில்லை. ஓர் அரசாங்கம் மற்றோர் அரசாங்கத்தின் தேர்வு முறையை ஏற்றுக்கொண்டு எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இனி மொழி இடர். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய கோட்பாட்டுத் தேர்வைப் பல ஆண்டுகள் பத்தொன்பது அயல் மொழிகளிற் கேள்விகளைச் செவியாற் கேட்டு எழுத வழி இருந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. இலங்கையிலிருந்து சென்றோர் உள்ளிட்ட தமிழருக்கு அது துணையாயிற்று. 2014 ஏப்ரல் 7ஆம் நாள் அவ்வசதி நிறுத்தப்பட்டது; மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் செல்லும் வழியும் அடைபட்டது. மோசடியைத் தடுக்கவும், சாலைப் பலகைகளை ஓட்டுநர் ஆங்கிலத்திற் படித்தறியவும் இது வேண்டும் என்று காரணம் கூறப்பட்டது. காரணத்தை முற்றிலும் தள்ள முடியாது. ஆனால் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி லோரியில் ஏறியவர், சாலைக் குறியை அறிவது வேறு. நிறுத்தத் தொலைவு பற்றிய ஆங்கில வினாவுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு.

என் மாணவருக்கு அவர் பேத்தி ஆசிரியையானாள். மாலை வேளைகளில் அவள் ஆங்கிலத்திற் கேள்வியைப் படிக்க, இவர் தமிழிற் பொருள் சொல்லி விடை கூறுவாராம். முதல் முறை தவறினார். இரண்டாம் முறை தேறினார். சாலைத் தேர்வில் அதிகாரி ஒரு பிழையும் காணவில்லை என்று எழுதியிருந்தார். புதிய அட்டையில் அவர் ஓட்டத் தொடங்கிய நாள் என்று அத்தேர்வு நாளே அச்சாகியிருக்கிறது. அந்நாட்டுச் சட்டப்படி தேர்ந்த நாள் முதல் ஈராண்டு வரை அவர் புதிய ஓட்டுநர்; அக்காலத்துள் ஆறு குற்றப் புள்ளி சேர்ந்தால் உரிமம் பறிபோகும். பழைய மலேசிய லைசென்சை அவர் எறியவில்லை. அது அவருடைய கடவுச்சீட்டுக்குள் இருக்கிறது.