ஜிடி நிரலகமும் அதன் மூன்று வேர்களும்: மூல நிரலிலிருந்து கட்டியெழுப்பிய ஒரு காலத்தின் வரலாறு

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இணையப் பக்கமொன்றில் ஒரு வரைபடத்தையோ சிறுபடத்தையோ நிரலின் வழியே உருவாக்க விரும்பிய லினக்ஸ் சேவையக நிர்வாகி, முதலில் நான்கு சுருக்கக் கோப்புகளைத் தரவிறக்க வேண்டியிருந்தது. ஜிலிப், லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், ஜிடி என்பன அவை. முதல் மூன்றும் நிறுவப்பட்ட பின்னரே ஜிடியைக் கட்ட இயலும். லிப்பிஎன்ஜிக்கோ ஜிலிப் முன்னரே இருந்தாக வேண்டும். இவ்வரிசை தொழில்நுட்பத் தேவையால் மட்டும் அமைந்ததன்று. அமெரிக்கக் காப்புரிமை ஒன்றின் கதையும் அதனுள் உறைந்திருக்கிறது.

ஜிடியை 1994இல் உருவாக்கியவர் தாமஸ் பௌட்டெல். நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியுடன் இது எழுதப்பட்டது. உயிரியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தில் இது பிறந்தது தற்செயலன்று. ஆய்வுத் தரவுகளை வலைப்பக்கத்தில் படமாகக் காட்டும் தேவை அறிவியலாளர்க்கே முதலில் எழுந்தது. கோடு, வட்டம், எழுத்து ஆகியவற்றை நினைவகத்தில் வரைந்து ஜிஃப் கோப்பாக எழுதித் தருவதே அதன் பணி. பெயரும் அவ்வாறே 'ஜிஃப் டிரா' என்பதன் சுருக்கமாக அமைந்தது.

ஜிஃப் வடிவத்தை கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. அதன் உள்ளே இயங்கும் சுருக்கமுறை எல்இசட்டபிள்யூ எனப்படுவது. டெர்ரி வெல்ச் 1984இல் ஓர் ஆய்விதழில் விளக்கிய இம்முறைக்கு, ஸ்பெர்ரி நிறுவனம் முந்தைய ஆண்டிலேயே காப்புரிமை கோரியிருந்தது. 1985 டிசம்பரில் அது வழங்கப்பட்டது. ஸ்பெர்ரி 1986இல் பர்ரோஸுடன் இணைந்து யூனிசிஸ் ஆனபோது உரிமையும் புதிய நிறுவனத்திடம் சென்றது. ஜிஃப் உலகெங்கும் பரவிய பின்னர், 1994 டிசம்பர் இறுதியில், அவ்வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் உண்டென்ற செய்தி வெளியாயிற்று. பொதுவழி என்று எண்ணி மக்கள் நடந்த பாதையில் திடீரெனச் சுங்கச்சாவடி முளைத்தது போன்ற நிலை அது.

எதிர்வினை ஒரு வாரத்துக்குள் வந்தது. 1995 ஜனவரி 4 அன்று காப்புரிமைச் சிக்கலற்ற புதிய வடிவத்துக்கான வரைவைப் பொதுவில் முன்வைத்தவர், ஜிடியை எழுதிய அதே பௌட்டெல். அவ்வரைவே பலரின் கூட்டுழைப்பால் பிஎன்ஜி என உருப்பெற்று, 1996 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. இதற்கான நிரலகமான லிப்பிஎன்ஜியைக் கய் எரிக் ஷால்நாட் தொடங்கினார். சுருக்கும் பணிக்கு எல்இசட்டபிள்யூவின் இடத்தில் டிஃப்ளேட் என்னும் முறை கொள்ளப்பட்டது. அதைச் செயற்படுத்தும் ஜிலிப்பை ஜான்-லூ காயியும் மார்க் ஆட்லரும் 1995இல் வெளியிட்டனர். ஆக, ஜிலிப் இன்றி லிப்பிஎன்ஜி இல்லை என்ற சார்பு, எல்இசட்டபிள்யூவைத் தவிர்க்க வேண்டியிருந்த கட்டாயத்தில் பிறந்தது.

1999இல் ஜிடியின் 1.6ஆம் பதிப்பு ஜிஃப் ஆதரவை முற்றிலும் நீக்கி, பிஎன்ஜியை ஏற்றது. பெயர்க்காரணமே பொருளிழந்தது. இனி அது எதன் சுருக்கமும் அன்று, வேண்டுமானால் 'கிராஃபிக்ஸ் டிரா' எனக் கொள்ளலாம் என்பதே அதன் ஆவணங்கள் தந்த விளக்கம். 1.8ஆம் பதிப்பில் ஜேபெக் சேர்ந்தது. ஆயினும் ஒரு படத்தில் 256 நிறங்களே என்ற வரம்பு 2.0 வரும்வரை நீடித்தது. ஜிஃப் இன்றி இயலாதோர், வேறு சிலர் வெளியிட்ட ஒட்டு நிரல்களைச் சேர்த்துத் தாமே கட்டிக்கொண்டனர். மூல நிரல் கையில் இருந்ததால்தான் அவ்வழி திறந்திருந்தது.

கட்டும் முறைக்கும் தனி வரலாறு உண்டு. பெரிய நிரலொன்றின் எந்தப் பகுதி மாறியதோ அதை மட்டும் மீண்டும் கம்பைல் செய்யும் 'மேக்' கருவியை, பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் உருவாக்கினார். யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தபின், ஒவ்வொரு கணினியின் இயல்பையும் சோதித்தறிந்து அதற்கேற்ற மேக் கோப்பை ஆக்கித் தரும் 'ஆட்டோகான்ஃப்' 1991இல் தோன்றியது. எனினும் நான்கு நிரலகங்களும் ஒரே மரபைப் பின்பற்றவில்லை. ஜிலிப் இயல்பாக நிலைப்பிணைப்பு வடிவத்தையே தந்தது. பகிர்வடிவம் வேண்டுவோர் தனியே கேட்க வேண்டும். லிப்பிஎன்ஜியில் இயங்குதளத்துக்குரிய மேக் கோப்பை ஓர் உட்கோப்புறையிலிருந்து படியெடுத்து வைக்க வேண்டும். லிப்ஜேபெக்கின் புகழ்பெற்ற 6பி பதிப்பில் 'மேக் இன்ஸ்டால்' என்ற கட்டளை கருவிகளை மட்டுமே நிறுவும். நிரலகமும் தலைப்புக் கோப்புகளும் வேண்டுமெனில் 'மேக் இன்ஸ்டால்-லிப்' என்று மீண்டும் ஆணையிட வேண்டும். இதை அறியாதார் ஜிடியைக் கட்டும்போது, நிறுவிய ஜேபெக் எங்கே என்று தேடித் திகைத்தனர். ஜிடியின் 1.x பதிப்புகளிலோ மேக் கோப்பையே திறந்து, ஜேபெக் வேண்டுமா, எழுத்துரு வேண்டுமா, அவை எந்தக் கோப்புறையில் உள்ளன என்பதைக் கையால் திருத்த வேண்டியிருந்தது.

இத்தனை இடர்களிலும் ஒரு பயன் இருந்தது: கட்டியவருக்குத் தம் கணினிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அவ்வறிவின் மதிப்பு 2002 மார்ச்சில் வெளிப்பட்டது. ஜிலிப்பில் ஒரே நினைவிடத்தை இருமுறை விடுவிக்கும் பிழை கண்டறியப்பட்டு, திருத்திய 1.1.4 பதிப்பு வெளிவந்தது. பகிர்வடிவத்தைப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரே கோப்பை மாற்றினால் போதும். ஜிலிப்பைத் தம் வயிற்றுக்குள் விழுங்கி வைத்திருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடி மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

இக்கேள்வி ஜிடியையும் விடவில்லை. பிஎச்பி மொழியை ஆக்குவோர் 2002 இறுதியில் வெளியிட்ட 4.3ஆம் பதிப்பில், ஜிடியின் திருத்திய படி ஒன்றைத் தம் மூல நிரலோடு சேர்த்தே வழங்கினர். பயனருக்கு ஒரு படி மிச்சமாயிற்று. ஆனால் ஜிடி இரண்டாயிற்று. படத்தைச் சுழற்றுதல் போன்ற சில செயல்கள் சேர்த்து வழங்கிய படியில் மட்டுமே இருந்தன. ஒரே நிரலகத்துக்கு இரு படிகள் இருந்தால் பாதுகாப்புத் திருத்தமும் இருமுறை செய்ய வேண்டும் என்பதால், டெபியன் தொகுப்பாளர்கள் வெளியிலுள்ள ஜிடியையே பிணைத்தனர். விளைவாக, ஓரிடத்தில் இயங்கிய வலைத்தளம் டெபியன் சேவையகத்தில் இயங்க மறுத்தது. வசதியை நாடியவர்க்கும் பாதுகாப்பை நாடியவர்க்கும் தத்தம் நியாயம் இருந்தது. இடையில் அகப்பட்டவர் பலர் மீண்டும் மூல நிரலுக்கே திரும்பினர்.

காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூன் 20 அன்று காலாவதியாயிற்று. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கனடாவிலும் அடுத்த ஆண்டின் நடுவில் முடிந்தது. 2004 ஜூலையில் வெளிவந்த ஜிடி 2.0.28இல் ஜிஃப் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் பிஎன்ஜி வேரூன்றிவிட்டிருந்தது. தடையின் காலத்தில் நட்ட மரம் தடை நீங்கிய பின்னும் நிழல் தருகிறது.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ஜிடி நெடுங்காலம் ஒருங்குறி எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. ஒருங்குறியில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும் கொம்பு, திரையில் அதற்கு முன் வர வேண்டும். வரிசை மாற்றும் அறிவு நிரலகத்துக்கு இல்லாததால் 'கெ' போன்ற எழுத்துகள் படத்தில் சிதைந்தன. பின்னாளில், எழுத்துகளை முறைப்படி அடுக்கித் தரும் ராக்ம் என்னும் நிரலகத்தையும் இணைத்துக் கட்டும் விருப்பம் ஜிடியில் சேர்க்கப்பட்டது. ஆனால் அது கட்டும்போது தெரிந்தெடுக்க வேண்டிய விருப்பமே. தெரிந்தெடுத்தால் தமிழ் சரியாக வரும்; இல்லையேல் வராது.

ஒரு நிரலகம் எவற்றைச் செய்ய வல்லது என்பதை அதை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. நீதியுரிமை ஒரு பகுதியை நீக்கியது. வழங்குவோரின் கொள்கை வேறொரு பகுதியை விலக்கியது. கட்டுபவரின் ஒற்றைத் தெரிவு ஒரு மொழியைச் சேர்க்கவும் விடவும் செய்கிறது. இன்று ஒரே கட்டளையில் ஆயத்தத் தொகுப்பு வந்திறங்குகிறது. அத்தெரிவை நமக்காக வேறு யாரோ முன்னரே செய்து முடித்திருக்கிறார்கள். அத்தெரிவு பொருந்தாதபோது மாற்றிக்கொள்ளும் வழி, மூல நிரல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் வரையில்தான் உண்டு.