முழங்கால் வலியோடு கோலாலம்பூர்: மூத்தவர்கள் ஏறாமலேயே பார்க்கக்கூடிய இடங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் பேராக், கெடா, நெகிரி செம்பிலான் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகக் கோலாலம்பூருக்கு வருவது நம்மவர்களின் வழக்கம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வருவார்கள். முதலில் போகும் இடம் பத்துமலை. படிகளுக்குக் கீழே நின்றதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நீங்க இங்கேயே உட்காருங்க பாட்டி, நாங்க மேலே போயிட்டு வந்திடுறோம்."

பிறகு ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம், எல்லாருடைய பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு அந்தப் பாட்டி புறாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒரு காலத்தில் விடியுமுன் எழுந்து, மேட்டு நிரைகளில் ஏறி இறங்கி மரம் சீவியவராக இருக்கலாம் அவர். இன்று முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதற்காக அவருடைய பயணம் வாகன நிறுத்துமிடத்தோடு முடிந்துவிட வேண்டுமா?

கோலாலம்பூர் மேடு பள்ளமான ஊர்தான். புக்கிட் பிந்தாங், புக்கிட் நானாஸ், புக்கிட் டாமன்சாரா என்று பேட்டைக்குப் பேட்டை குன்றின் பெயர். ஆனால் ஊர் பிறந்தது குன்றின் மேல் அல்ல, கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் சேரும் பள்ளத்தில். பழைய கடைத்தெரு, பழைய கோயில், ரயில் நிலையம், தமிழர் குடியேறிய பிரிக்ஃபீல்ட்ஸ் எல்லாம் பெரும்பாலும் சமதரையிலேயே அமைந்தன. நம் மக்களின் வரலாற்றுக்கு நெருக்கமான இடங்களைப் பார்க்க, ஏற முடியாதவர் இழக்க வேண்டியது மிகக் குறைவு.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். படிகள் 272. மரப்படிகளாக 1920-இல் அமைந்து, பின்னர் சிமெண்டுப் படிகளாகி, 2018-இல் வண்ணம் பூசப்பட்டவை. படங்களில் அழகாகத் தெரியும் அந்த வண்ணம் படியின் செங்குத்தைக் காட்டுவதில்லை. பாதத்தை முழுதாக வைக்க இடம் தராத அளவுக்குக் குறுகலான படிகள் அவை. ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பெரும் சோதனை என்பதை மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றையும் பலர் முன்கூட்டித் தெரிந்துகொள்வதில்லை. 272-ஆவது படியோடு வேலை முடியாது. குகைக்குள் கொஞ்சம் இறங்கி, பின்பக்கம் மறுபடியும் படியேறினால்தான் வள்ளி தெய்வானை சன்னதிக்குப் போக முடியும். எப்படியாவது மேலே போயே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கும் தாத்தாக்களிடம் இதைக் கீழேயே சொல்லிவிடுவது நல்லது.

மின்படிக்கட்டு அமைக்கும் திட்டத்தை ஆலயத்தை நிர்வகிக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் தேவஸ்தானம் 2024-இல் அறிவித்தது. அது ஓடத் தொடங்கும் வரை 272 என்பது 272தான்.

ஆனால் கீழே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், அரை நாள் போதாது. 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கீழே நின்றுதான் முழுதாகப் பார்க்க முடியும். மேலே ஏறியவர் காண்பது அதன் முதுகை. அடிவாரத்தில் விநாயகர் சன்னதி உண்டு, வெங்கடாசலபதி கோயில் உண்டு. கொமுட்டர் ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சுமார் 15 மீட்டர் உயரப் பச்சை அனுமார் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் இராமாயணக் குகை. நுழைவுக் கட்டணம் உண்டு. பாதை தரைமட்டத்தில் போகிறது. இரண்டு பக்கமும் இராமாயணக் காட்சிகள் சிலைகளாக நிற்கின்றன. தூங்கும் கும்பகர்ணனுக்கு முன்னால் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் பாட்டியை விட்டால் வேறு யார்? குகையின் கோடியில் இயற்கையாக அமைந்த லிங்கத்துக்கு ஏறும் செங்குத்தான படிகளை மட்டும் தவிர்த்துவிடலாம்.

ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும். இளையவர்கள் இரண்டு குழுவாகப் பிரியட்டும். ஒரு குழு மலை ஏறும்போது மற்றது பெரியவர்களோடு இராமாயணக் குகைக்குள் போகட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். செருப்புக் காவல் யாருக்கும் தேவைப்படாது. காலையில் சீக்கிரம் போவது உத்தமம். பழம், பூ, நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்குகள் பறித்துவிடும். திடீரென்று குரங்கு பாயும்போது தடுமாறி விழுவது வயதானவர்களுக்கு உண்மையான ஆபத்து.

பத்துமலை முருகனுக்கு முன்னோடி நகருக்குள் இருக்கிறார். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தால் தொடங்கப்பட்டது. பத்துமலைக் குகையில் வழிபாட்டை ஏற்படுத்தியவரும் அவரே. தைப்பூச ரதம் புறப்படுவது இந்தக் கோயிலிலிருந்துதான். தைப்பூச நாளின் நெரிசலில் பத்துமலைக்குப் போக முடியாதவர்கள், முதல் நாள் இரவு வெள்ளி ரதம் கிளம்புவதை இங்கே பார்க்கலாம். கூட்டம் இங்கும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மற்ற நாட்களில் பசார் செனி நிலையத்தில் இறங்கினால் சமதரையில் கொஞ்ச தூர நடை. சுமார் 23 மீட்டர் உயரக் கோபுரம் 1968-இல் எழுந்தது. வாசலில் கால் கழுவிய ஈரத்தோடு பளிங்குத் தரையில் நடக்கும்போது கவனம் தேவை. குனிந்து மாட்ட வேண்டிய காலணியை விட, நுழைத்துக்கொள்ளும் செருப்பே அன்றைய பயணத்துக்கு ஏற்றது.

அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கமும் மஸ்ஜிட் ஜாமெக்கும் தூரமில்லை. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைச் சதுக்கத்தின் ஓரமாக நின்றே பார்த்துவிடலாம். வெயில் ஏறிய பிறகு அந்தத் திடலில் நிழல் கிடையாது, ஆகவே காலையில் முதலில் போக வேண்டிய இடம் அது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அதிக நேரம் ஒதுக்கலாம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியே ஜாலான் துன் சம்பந்தன் ஓடுகிறது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கும் இதை லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைத்தார்கள். சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயிலைப் போன்ற வளைவு 2015-இல் இந்தியாவின் அன்பளிப்பாக வந்தது. பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டியது தெருவின் பெயரைத்தான். தோட்டத் துண்டாடல் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960-இல், ஆளுக்குப் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களோ அவர்களின் பிள்ளைகளோதான் இன்று கைத்தடியோடு இந்தத் தெருவில் நடக்கிறார்கள்.

இதே பகுதியில் 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. நடைபாதைகளில் புடைத்த கோடுகளும் புள்ளிகளும் உள்ள ஓடுகளைப் பார்க்கலாம். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், கைக்கோலோடு நடப்பவர்களுக்கு வழி காட்டப் பதித்தவை அவை. வழுக்கும் செருப்பணிந்த முதியவருக்கு, குறிப்பாக மழையில், அதே ஓடு இடறக்கூடும். அதன் ஓரமாக நடப்பது நல்லது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் இந்த வட்டாரத்துக்குப் பேர் போனவை. நடந்து களைத்த கால்களுக்கு அரை மணி நேரம் கொடுத்துப் பார்க்கலாம்.

பகல் வெயிலுக்கும் பிற்பகல் மழைக்கும் ஒதுங்க அருகிலேயே தேசிய அரும்பொருளகம், அதாவது மூசியம் நெகாரா இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 31-இல் திறக்கப்பட்டது. கேஎல் சென்ட்ரலிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குக் கூரையுள்ள நடைபாதை வழியே போய், சாலையில் இறங்காமலேயே அந்தப் பக்கம் வந்துவிடலாம். பல கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். அந்த இடைவெளிக்கு இது பொருத்தம்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, ஏற வேண்டியது மின்தூக்கிதான். 421 மீட்டர் கோலாலம்பூர் கோபுரம் புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கிறது. கீழே ஜாலான் புஞ்சாக்கில் இறங்கி நடந்து ஏறக் கூடாது, வாகனத்தில் மேலே வரை போய்விட வேண்டும். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க மேலே போகவே தேவையில்லை. கேஎல்சிசி பூங்காவில் மாலையில் உட்கார்ந்தால் கோபுரமும் தெரியும், நீரூற்றும் தெரியும். தியான் ஹாவ் சீனக் கோயிலும் குன்றின் மேல்தான், ஆனால் கார் வாசல் வரை போகும். 1888-இல் உருவான ஏரிப்பூங்கா மட்டும் ஏமாற்றக்கூடியது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் பறவைப் பூங்காவும் தேசிய நினைவுச் சின்னமும் நடையில் மேடும் இறக்கமுமாக இருக்கும். ஒரே நாளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கெந்திங் மலைக்கு அவானா ஸ்கைவே கேபிள் கார் பத்து நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. 1,800 மீட்டர் உயரத்தில் குளிர் உண்டு. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போக்குவரத்துச் செலவைக் குறைக்க வழிகள் உள்ளன. 60 வயதைக் கடந்த மலேசியர்களுக்குக் கொமுட்டர் ரயிலில் பாதிக் கட்டணம். மைகார்டு கையில் இருக்க வேண்டும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயிலுக்கு ரேப்பிட் கேஎல்லின் சலுகை அட்டை எடுத்துக்கொள்ளலாம். நகர மையத்தில் 2012 முதல் ஓடும் கோகேஎல் பேருந்தில் மலேசியர்களுக்குக் கட்டணமே இல்லை. கொமுட்டர் ரயில் அடுத்தடுத்து வராது, நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். அதில் நடுப்பகுதியில் உள்ள இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டி பெண்களுக்கு மட்டுமானது. பாட்டி அதில் ஏற, தாத்தா நடைமேடையில் நின்றுவிடும் சங்கடம் நேர்வதுண்டு. எந்தப் பெட்டியில் ஏறப் போகிறோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

கிள்ளானுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது. கேஎல் சென்ட்ரலில் பெலாபுஹான் கிள்ளான் ரயிலில் ஏறினால், கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஜாலான் தெங்கு கெலானாவுக்குக் கொஞ்ச தூரம் நடக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸை விடப் பழைய வாசனையுள்ள லிட்டில் இந்தியா இது. இங்கே ஒரு எச்சரிக்கை: கடைவீடுகளின் அஞ்சடி நிழலாகத்தான் இருக்கும், ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். துணிகளைப் பார்த்தபடி நடந்தால் அரையடிப் பள்ளம் கண்ணுக்குப் படாது. பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் பத்துமலைப் படிகளை விட இதுதான். 1892-இல் தொடங்கிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு நிலையத்திலிருந்து கார் எடுத்துக்கொள்ளலாம். தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று சொல்லப்படும் அந்தக் கோயில் சமதரையில் இருப்பதால், நடக்கச் சிரமப்படுபவர்களும் நிதானமாகச் சுற்றி வரலாம். 1909-ஆம் ஆண்டின் சுல்தான் சுலைமான் கட்டடம் இப்போது அரச காட்சியகமாக உள்ளது.

நேரமும் உடம்பும் இடம் தந்தால் அதே ரயிலில் கடைசி நிலையம் வரை போகலாம். இந்தத் தடம் 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை தொடங்கி, பின்னர் துறைமுகம் வரை நீண்டது. 1901-இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் பெயர் அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு வழியாக வந்த கப்பல்கள் இங்கே ஆட்களை இறக்கின. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜூலாவின் பெயரைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். தானே குழந்தையாக வந்தவரோ, அப்பா வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவரோ ஒருவராவது குடும்பத்தில் இருப்பார். தனிமைப்படுத்தும் முகாமில் கழிந்த நாட்கள், எந்தத் தோட்டத்துக்கு யாரைப் பிரித்து அனுப்பினார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதைப் பதிவு செய்யக் கைப்பேசியில் மின்சாரம் இருக்கட்டும்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறை. ஆடும் படகில் கால் வைத்து ஏற முடியாதவர்கள், துறையருகே தண்ணீரைப் பார்த்தபடி ஒரு தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பலாம். ரயில் இங்கிருந்தே புறப்படுவதால், கோலாலம்பூர் வரை உட்கார்ந்தே போக இடம் கிடைக்கும்.